1979, 1997, 2014: ஸ்காட்லாந்தின் மூன்று வாக்கெடுப்புகள்

மூன்றில் விசித்திரமானது முதலாவதுதான். 1979 மார்ச் 1 அன்று, ஸ்காட்லாந்துக்கெனத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் 12,30,937 பேர். வேண்டாம் என்றவர்கள் 11,53,502 பேர். ஆனாலும் சட்டமன்றம் வரவில்லை. லேபர் எம்.பி. ஜார்ஜ் கன்னிங்ஹாம் மசோதாவில் செருகிய திருத்தம்தான் காரணம்: பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் பேர் ஆதரிக்க வேண்டும். கிடைத்தது 32.9. வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவரும் 'வேண்டாம்' கணக்கில் சேர்ந்துவிடுவார். எதிர்த்தரப்பு ஆள் திரட்டவே தேவையில்லை. திருத்தம் கொண்டுவந்தவர் பிறந்தது ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லினில், தொகுதியோ லண்டனில்.

கோபத்தில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. மார்ச் 28 அன்று பிரிட்டன் பிரதமர் கலஹனின் லேபர் கட்சி அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது (311-310). அடுத்த தேர்தலில் அக்கட்சியின் 11 இடங்கள் 2 ஆகின. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

1997-இல் பாடம் கற்றிருந்தார்கள். 1979-இல் சட்டம் முதலில், வாக்கெடுப்பு பிறகு, இடையில் எம்.பி.க்கள் முட்டுக்கட்டை போட நேரம் கிடைத்தது. இம்முறை வரிசையைத் திருப்பி, வெள்ளை அறிக்கையைக் காட்டி செப்டம்பர் 11 அன்று மக்களிடம் கேட்டுவிட்டுத்தான் சட்டம் இயற்றினார்கள். குறைந்தபட்ச ஆதரவு நிபந்தனை கிடையாது. கேள்விகள் இரண்டு: நாடாளுமன்றம் வேண்டுமா (74.3 சதவீதம் ஆம்), அதற்கு வருமான வரியைக் கூட்டிக் குறைக்கும் அதிகாரம் வேண்டுமா (63.5 சதவீதம் ஆம்). பழைய 40 சதவீத விதியை இதில் பொருத்திப் பார்த்தால், முதல் கேள்வி சுமார் 44.7 சதவீதத்தோடு தேறும்; வரிக் கேள்வி 38.1-இல் தோற்றிருக்கும். இத்தனைக்கும் அந்த அதிகாரம் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரைதான், அதாவது 3 சதவீதப் புள்ளி. அதையும் கடைசிவரை யாரும் பயன்படுத்தவில்லை.

முதலிரண்டும் ஐக்கிய இராச்சியத்துக்குள்ளேயே தன்னாட்சிக்கு. 2014 செப்டம்பர் 18 மட்டுமே விடுதலைக்கு. 2012 அக்டோபர் 15 அன்று பிரிட்டன் பிரதமர் கேமரனும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் சால்மண்டும் எடின்பரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன்படி வந்த ஆணை, வாக்கெடுப்பு நடத்தும் அதிகாரத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு இரவல்தான் கொடுத்தது: ஒரே கேள்வி, 2014 முடிவதற்குள். நடுவழியாகக் 'கூடுதல் தன்னாட்சி' வாக்குச்சீட்டில் இடம்பெறவில்லை. "சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்கவே சால்மண்ட் அரசு நினைத்தது. 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்ற சொல்லே பதிலை இழுக்கிறது என்று தேர்தல் ஆணையம் ஆட்சேபிக்க, "சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?" என்று மாற்றினார்கள்.

ஓட்டுரிமைக்கு வசிப்பிடமே அளவுகோல். லண்டனில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரருக்கு ஓட்டு இல்லை. கிளாஸ்கோவில் சட்டப்படி வசித்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு இருந்தது. 16 வயதினருக்கும் இருந்தது. 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஆம் 44.7, இல்லை 55.3. 32 உள்ளாட்சிப் பகுதிகளில் டண்டீ, கிளாஸ்கோ உட்பட நான்கில் மட்டுமே 'ஆம்' முந்தியது. பவுண்டைப் பகிர முடியாது என்று லண்டன் அரசு கைவிரித்த பிறகு, எந்த நாணயம் என்ற கேள்விக்கு 'ஆம்' தரப்பிடம் உறுதியான பதில் இல்லை. அதுவே அவர்களின் பெரிய பலவீனம்.

மொத்த வாக்காளர்களை வைத்துப் பார்த்தால், 2014-இல் தோற்ற 'ஆம்' சுமார் 37.8 சதவீதம். 1979-இல் அதிக ஓட்டு வாங்கிய 'ஆம்' தரப்பைவிட இது அதிகம்.

இரவல் அதிகாரம் காலாவதியாகிவிட்டது. லண்டன் ஒப்புதல் இல்லாமல் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக இன்னொரு வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் இயற்ற முடியாது என்று 2022 நவம்பர் 23 அன்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்.