கோபன்ஹேகனில் ஒரே ஒரு கோபுரம் ஏறுவதானால்

கோபன்ஹேகனின் பழைய நகரம் கையளவுதான். நோரபோர்ட் ரயில் நிலையத்தில் இறங்கித் தெற்கே ஐந்து நிமிடம் நடந்தால் ருண்டெடோர்ன் எனும் வட்டக் கோபுரம். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் நாடாளுமன்றம் இயங்கும் கிறிஸ்டியான்ஸ்போர்க் அரண்மனை. இன்னும் கால் மணி நேரம் நடந்து பாலத்தைத் தாண்டினால், வெளிப்புறமாகப் படி சுற்றியேறும் மீட்பர் தேவாலயம், டேனிஷ் மொழியில் ஃபோர் ஃப்ரெல்சர்ஸ். மூன்றிலும் ஏறலாம். ஒரே நாளில் மூன்றையும் முடிப்பவர்களும் உண்டு, ஆனால் மூன்றாவதில் பார்ப்பது முதல் இரண்டில் பார்த்த அதே கூரைகளைத்தான்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் வட்டக் கோபுரம். மூன்றில் அதுதான் குட்டை, 34.8 மீட்டர். மற்ற இரண்டின் உச்சி 106 மீட்டரும் 90 மீட்டரும். உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை முதலிலேயே கழித்துவிடுவார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது.

கோபுரத்தைத் தேர்வு செய்ய மேலே என்ன தெரிகிறது என்பதை விட, மேலே எப்படிப் போகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். வட்டக் கோபுரத்தில் பெரும்பகுதிக்குப் படியே கிடையாது. செங்கல் பாவிய சாய்தளம் ஒன்று, நடுத்தூணை ஏழரைச் சுற்று சுற்றி மேலே போகிறது. அகலம் 4.25 மீட்டர், அதாவது எதிரும் புதிருமாக இரண்டு கூட்டம் தாராளமாக நடக்கலாம். வெளிச் சுவரை ஒட்டி நடந்தால் தூரம் 209 மீட்டர். நடுத்தூணை ஒட்டி நடந்தால் 85.5 மீட்டர்தான். ஏறும் உயரம் ஒன்றே என்பதால் உள்பக்கம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு செங்குத்து. குறுக்கு வழி என்று தூணை ஒட்டி ஏறுபவர்களுக்கு மூன்றாம் சுற்றிலேயே மூச்சு வாங்கும். இறங்கும்போது இது இன்னும் முக்கியம்: முழங்கால் வலி உள்ளவர்கள் வெளிச் சுவரை விட்டு நகரக் கூடாது. செங்கற்கள் தேய்ந்து மேடு பள்ளமாக இருப்பதால் வழுக்கும் அடியுள்ள செருப்பு வேண்டாம். பிள்ளைகளுக்கு இந்தச் சரிவைப் பார்த்ததும் ஓடத் தோன்றும். இறக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்வது நல்லது.

சாய்தளம் ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 1637இல் தொடங்கி 1642இல் முடித்த இந்தக் கோபுரம் தனிக் கட்டடம் அன்று. கீழே மாணவர்களுக்கான திரித்துவ தேவாலயம், அதன் கூரைக்கடியில் பல்கலைக்கழக நூலகம், கோபுர உச்சியில் வானாய்வகம் என்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த திட்டம். புத்தகச் சுமையும் கனமான கருவிகளும் மேலே போய்ச் சேர வேண்டும். 1716இல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் குதிரை மீதே உச்சி வரை போனார் என்றால், வழியின் அகலத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1902இல் ஒரு மோட்டார் காரும் ஏறியிருக்கிறது.

ஏறும் வழியே பார்க்கும் இடமாகவும் இருப்பது இங்கு மட்டும்தான். பாதி வழியில் பழைய நூலகக் கூடம். இப்போது கண்காட்சிகள் நடக்கின்றன, மூச்சு வாங்க நிற்பதற்கும் தோதான இடம். 1728 பெருந்தீயில் இங்கிருந்த நூல்களில் பெரும்பகுதி சாம்பலானது. ஒளிக்கும் வேகம் உண்டு என்று 1676இல் காட்டிய ஓலே ரோமர் பிற்காலத்தில் இந்நகரில் வானாய்வு செய்தவர்; அவர் குறித்துவைத்த பதிவுகளும் அநேகமாக அதே தீயோடு போயின. இன்னும் சற்று மேலே, நடுத்தூணின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் மேல் ஒரு கண்ணாடித் தளம். தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் அதன் மேல் நிற்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் குனிந்து பார்க்காமலிருப்பது உத்தமம்.

குறை இல்லாமல் இல்லை. கடைசிப் பகுதி குறுகிய கல் படிக்கட்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போக முடியும், கூட்டம் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். குழந்தைத் தள்ளுவண்டியைச் சாய்தளத்தின் முடிவு வரை உருட்டலாம், அதற்கு மேல் முடியாது. லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு உச்சி எட்டாது.

அவர்களுக்குக் கிறிஸ்டியான்ஸ்போர்க்தான் சரி. லிஃப்ட் உண்டு, கட்டணமும் இல்லை. 106 மீட்டர் உயரத்தில் நகர மன்றக் கோபுரத்தை வெறும் 40 சென்டிமீட்டரில் முந்துகிறது. ஆனால் பார்வையாளர் நிற்கும் தளம் உச்சியிலிருந்து வெகு கீழே. 2014இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். விமான நிலையம் போலப் பையைச் சோதிப்பார்கள். வரிசை நகராததற்குக் காரணம் அதுவும் லிஃப்டின் சிறிய அளவும்தான். திங்கட்கிழமை மூடியிருக்கும். இப்போதிருப்பது அந்த இடத்தின் மூன்றாவது கிறிஸ்டியான்ஸ்போர்க். முதலாவது 1794இலும் இரண்டாவது 1884இலும் எரிந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஆயர் அப்சலோன் 1167இல் எழுப்பிய கோட்டையின் இடிபாடுகள் இருக்கின்றன. அதற்குத் தனி நுழைவுச்சீட்டு. கோபுரத்தை விட்டுவிட்டு அந்த நிலவறைக்குப் போனாலும் நஷ்டமில்லை.

மீட்பர் தேவாலயத்தின் சுருள் கோபுரம்தான் படங்களில் எல்லோரும் பார்ப்பது. லவ்ரிட்ஸ் டி தூரா வடிவமைத்தது, 1752இல் முடிந்தது. 400 படிகள், அவற்றில் கடைசி 150 வெட்டவெளியில், கோபுரத்தின் வெளிப்புறத்தைச் சுற்றி. மேலே போகப் போகப் படி குறுகிக்கொண்டே போய், முடிவில் ஒரு ஆள் நிற்கவே இடம் போதாது. எதிரே இறங்குபவருக்கு வழிவிட, கம்பியோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பலமான காற்று அடித்தால் மூடிவிடுவார்கள், குளிர்கால மாதங்களில் திறப்பதே இல்லை. முன்பதிவு செய்து போன அன்று காற்று எப்படி வீசும் என்பது யார் கையிலும் இல்லை. சுருள் தவறான திசையில் சுற்றிவிட்டது என்று கட்டடக் கலைஞர் மேலிருந்து குதித்தார் எனும் கதையை நம்ப வேண்டாம். அவர் இறந்தது 1759இல், கோபுரம் முடிந்து ஏழு ஆண்டு கழித்து. உயரத்துக்கு அஞ்சாத இளைஞர்களுக்கு, கோடையில், காற்றில்லாத காலையில் இதைவிடச் சிலிர்ப்பான ஏற்றம் நகரில் கிடையாது. மற்றவர்கள் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

காட்சியைப் பொறுத்தவரை, குட்டையாக இருப்பதே வட்டக் கோபுரத்துக்கு அனுகூலம். நகர மையத்தில் உயரமான கட்டடங்கள் அதிகமில்லை. 34 மீட்டரில் சிவப்பு ஓட்டுக் கூரைகள் கண்மட்டத்துக்குச் சற்றே கீழே பரந்து கிடக்கும். முற்றங்களும் புகைபோக்கிகளும் தனித்தனியாகத் தெரியும். அருகிலேயே கூர்முனை இல்லாத மொட்டைக் கோபுரத்தோடு நிற்பது அன்னை மரியா பேராலயம். 1807 செப்டம்பரில் பிரிட்டிஷ் படைகள் நகரைக் குண்டு வீசித் தாக்கியபோது அதன் பழைய கூர்முனை எரிந்து விழுந்தது. தென்கிழக்கே மீட்பர் தேவாலயத்தின் தங்கச் சுருள் தெரியும். மற்ற இரண்டு கோபுரங்களையும் ஏறாமலே பார்த்துவிடுவதற்கு இதுதான் இடம்.

தமிழர்கள் இங்கே கூடுதலாக ஒன்றைக் கவனிக்கலாம். இந்தக் கோபுரத்தைக் கட்டிய அதே நான்காம் கிறிஸ்டியனின் காலத்தில்தான் டேனிஷ் கப்பல்கள் தரங்கம்பாடிக்கு வந்தன. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் அவருக்குத் தங்க ஓலையில் தமிழில் அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோபுர முகப்பில் பொன்னெழுத்தும் படமும் கலந்த விடுகதை போன்ற வரி ஒன்று உண்டு. அதன் வரைவு மன்னரின் கையெழுத்திலேயே கிடைத்திருக்கிறது. உள்ளே நுழைந்துவிட்டால் அது கண்ணில் படாது, தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இறங்கியதும் தெற்கே நடந்தால் அப்சலோனின் குதிரைச் சிலை, அரண்மனை, பிறகு போர்சன் எனும் பழைய வணிகக் கூடம். அதுவும் நான்காம் கிறிஸ்டியன் கட்டியதே. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிய அதன் 56 மீட்டர் கூர்முனை 2024 ஏப்ரல் 16 தீயில் சரிந்தது. பாலம் தாண்டி இடதுபுறம் திரும்பினால் ஸ்ட்ராண்ட்கேட தெரு, அதில் தரங்கம்பாடி வணிகத்தை 18ஆம் நூற்றாண்டில் நடத்திய ஆசியக் கம்பெனியின் கட்டடம். மீட்பர் தேவாலயம் அங்கிருந்து சில நிமிட நடைதான். காற்று அடங்கியிருந்தால் படி ஏறுவதைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.