ராமலிங்க விலாசம்: கதை எழுதுபவர்கள் பார்க்க வேண்டிய அரண்மனை

கடலோரச் சிற்றரசு ஒன்றைக் கற்பனை செய்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். துறைமுகம் எங்கே, யாருக்குப் பின் யார் ஆண்டார் என்று நோட்டு நிறைய எழுதியும் அந்த நாட்டுக்கு உயிர் வரவில்லை. உயிர் கொடுத்தது ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கும் ராமலிங்க விலாசம் என்ற தர்பார் மண்டபம்.

ஒரு பக்கம் பாக் நீரிணை, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, நடுவில் மழை பொய்த்தால் வறண்டுவிடும் கண்மாய்கள். இப்படிப்பட்ட சீமையை எதை வைத்து ஆள்வது? ராமேஸ்வரம் போகும் யாத்திரைப் பாதையைக் காத்தவர்கள் என்பதால்தான் இந்தச் சீமையின் அரசர்களுக்குச் சேதுபதி என்ற பட்டம். கடல் முத்தும் சங்கும் தந்தது. போகலூரிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்தவர் கிழவன் சேதுபதி.

சுவரோவியங்களுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். முத்து விஜய ரகுநாத சேதுபதிக்கு மதுரை நாயக்க அரசர் ரத்தின அபிஷேகம் செய்யும், அதாவது தலையில் ரத்தினங்களைச் சொரிந்து சிறப்பிக்கும் காட்சி முன்னால் வெகுநேரம் நின்றேன். பெரிய அரசர் கையால் சிறிய அரசர் மதிப்புப் பெறுவது எப்படி என்பதை அந்த ஒரு சுவரே சொல்லிவிடுகிறது. தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ஐரோப்பியருடன் சந்திப்பு, ராமாயணக் காட்சிகள் எல்லாம் உண்டு. அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் ஆயுதங்களை வேகமாகக் கடந்துவிடலாம்.

வண்ணம் பல இடங்களில் மங்கிவிட்டது. நல்ல வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். 1795இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்போதைய சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கியதையும், 1803இல் நாடு ஜமீன் ஆனதையும் முன்பே படித்துவிட்டுப் போனால், அந்த ரத்தின அபிஷேகக் காட்சி இன்னும் கனமாகத் தெரியும்.