கேமும் ஓவியமும் ஒரே பெட்டியில்: மூன்று ஆண்டு ஓடிய கணினி

பெட்டிக்குள் இருப்பவை இவை: ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசஸர், பி550 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு (12 ஜிபி), முதலில் 16 ஜிபியாக இருந்து பிறகு 32 ஆன டிடிஆர்4 ரேம், 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு பவர் சப்ளை. பாதி நேரம் கேம், பாதி நேரம் கிரிட்டா, போட்டோஷாப் என்ற மென்பொருள்களில் ஓவியம் என மூன்று ஆண்டுக்கு மேல் ஓடியிருக்கிறது. கேமுக்கு ஒரு கணினி போதுமா என்பது வாங்கிய அன்றைக்கு மாலையே தெரிந்துவிடும். ஓவியத்துக்குப் போதுமா என்பது கோப்புகள் பெருத்து, லேயர்கள் ஏறி, தூசி படிந்த பிறகுதான் தெரிகிறது. அதனால் இங்கே ஃபிரேம் கணக்கு குறைவாகவும் மற்றது அதிகமாகவும் இருக்கும்.

முதலில் மூச்சு முட்டியது ரேம். கணக்கு எளிது. ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேன்வாஸ் என்றால் 3508 × 4961 பிக்ஸல், ஏறக்குறைய 1.74 கோடி. ஒரு பிக்ஸலுக்கு 4 பைட் வீதம், முழுதாக வண்ணம் நிரம்பிய ஒரு லேயர் 70 எம்பி பிடிக்கும். 40 லேயருக்கு 2.8 ஜிபி. அதே படத்தை 600 டிபிஐக்கு ஏற்றினால் நான்கு மடங்கு, 11 ஜிபியைத் தாண்டும். 16 பிட் வண்ணத்துக்குப் போனால் அதுவும் இரட்டிப்பு. காலியான பகுதிகளுக்கு மென்பொருள் இடம் ஒதுக்காது என்பது ஓரளவு கைகொடுக்கும். ஆனால் அண்டூ வரலாறு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். பக்கத்தில் பிரவுசரில் ரெஃபரன்ஸ் படங்கள் இருபது டேபில் திறந்திருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேம் தீர்ந்ததும் கணினி நேராக எதையும் சொல்லாது. பிரஷ் வழக்கம்போல ஓடும். டிரான்ஸ்ஃபார்ம் போட்டாலோ சேமித்தாலோ பத்து நொடி உறையும். போட்டோஷாப்பில் கீழ்ப்பட்டையில் எஃபிஷியன்ஸி என்ற எண்ணைக் காட்டச் செய்யலாம். அது 100 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், வேலை ரேமை விட்டு எஸ்எஸ்டிக்குப் போய்விட்டது என்று பொருள். ப்ராசஸரை மாற்றலாமா என்று யோசிக்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். 32 ஜிபி போட்டபின் இங்கே அந்த உறைதல் நின்றது. 600 டிபிஐ அச்சு வேலை வாடிக்கை என்றால் 64 வீண்செலவில்லை.

ரேமைத் தொடக்கத்திலேயே இரண்டு குச்சிகள் கொண்ட ஒரே கிட்டாக வாங்குவதே நல்லது. ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும். போட்டதும் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்குங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கியது அதைவிடக் குறைந்த வேகத்தில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். கெட்ட ரேம் கேமில் ஒரு கிராஷோடு போகும். ஓவியத்தில் சேமித்த கோப்பே சிதையும், அது தெரியவர சில வாரம் ஆகலாம்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: பெரிய கார்டு போட்டால் பிரஷ் வேகமாகும் என்பது. கிரிட்டாவில் பிரஷ் கணக்கைப் போடுவது ப்ராசஸர்; கார்டு கேன்வாஸைத் திரையில் காட்டவும், சுழற்றவும், பெரிதாக்கவும் உதவுகிறது. 3060-ஐ விட இரு மடங்கு வேகமான கார்டு போட்டாலும் 1500 பிக்ஸல் வாட்டர்கலர் பிரஷ் அதே இடத்தில்தான் திணறும். அதற்கு, கோட்டைக் குறைந்த தெளிவில் உடனே காட்டிவிட்டுப் பிறகு முழுதாக்கும் இன்ஸ்டன்ட் பிரிவ்யூவை இயக்குவது நல்ல பலன் தருகிறது. கார்டின் நினைவகம் உண்மையில் பயன்படுவது பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில். ரெண்டர் செய்யும் காட்சி 12 ஜிபிக்குள் அடங்கும்வரை வேகம் மாறாது. தாண்டினால் ஒன்று இழுக்கும், இல்லை நின்றே போகும். கேமிலும் இதே கதை. உயர்ந்த டெக்ஸ்சர் வைக்கும்போது 8 ஜிபி கார்டுகள் தடுமாறும் இடங்களில் இது நிதானமாகப் போகிறது. 1080பி-யில் குறை இல்லை, 1440பி-யில் புதிய கேம்களுக்கு டிஎல்எஸ்எஸ் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் என்விடியா நுட்பம்) துணை தேவைப்படுகிறது. பழைய கார்டாக வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதே 3060 என்ற பெயரில் 2022 கடைசியில் 8 ஜிபி, 128 பிட் கார்டும் வந்தது. 12 ஜிபி கார்டு 192 பிட். பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

இனி பேனா. கேம் கணினியில் பென் டேப்லெட்டைச் செருகியதும் வரும் தொல்லைகளில் பாதி, கேமுக்காகச் செய்த அமைப்புகளிலிருந்தே வருகின்றன. கோடு நடுங்கி, விட்டுவிட்டு, கையைவிடப் பின்தங்கி வருகிறதா? என்விடியா கண்ட்ரோல் பேனலில், மானிட்டரின் வேகத்தைப் படம் வரும் வேகத்தோடு ஒட்டவைக்கும் ஜி-சிங்க் 'விண்டோவுக்கும் முழுத்திரைக்கும்' என்று இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் மானிட்டர் ஓவிய மென்பொருள் வரையும் வேகத்துக்கு இறங்கிவிடும். பேனா மெல்ல நகரும்போது திரையும் மெல்லப் புதுப்பிக்கும். 'முழுத்திரைக்கு மட்டும்' என்று மாற்றினால் போதும். அடுத்து, விண்டோஸில் மானிட்டர் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதா என்று சரிபாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி மாதக்கணக்கில் 60-ல் ஓட்டுபவர்கள் உண்டு. மாற்றிய அன்றைக்கே கோடு கைக்கு நெருங்கி வருவது தெரியும். எங்கள் கணிப்பில், உயர் ஹெர்ட்ஸ் மானிட்டரால் கேமர் பெறும் பலனுக்குக் கொஞ்சமும் குறையாத பலன் வரைபவருக்கும் உண்டு.

பேனா அழுத்தம் வேலை செய்யவில்லை என்றால் விண்டோஸ் இங்க் (விண்டோஸின் பேனா வசதி) அமைப்பு டேப்லெட் டிரைவரிலும் மென்பொருளிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் ஆன், மற்றதில் ஆஃப் என்றால் அழுத்தம் போய்விடும். பழைய டேப்லெட்டின் டிரைவர் அகற்றப்படாமல் கிடந்தாலும் இதே குறி. வட்டம் போட்டால் முட்டையாக வருவதற்குக் காரணம் வேறு. வாக்கம் நிறுவனத்தின் இன்டுவோஸ் டேப்லெட்டின் நடுத்தர அளவில் வரையும் பரப்பு 216 × 135 மி.மீ., அதாவது 16:10. மானிட்டர் 16:9 ஆனதால் டிரைவரில் விகிதத்தைக் கட்டாயமாக்கும் பெட்டியை டிக் செய்ய வேண்டும். கீழே 13.5 மி.மீ. பரப்பு வீணாகும், ஆனால் வட்டம் வட்டமாக வரும்.

டேப்லெட் நடுவில் துண்டித்துத் துண்டித்து இணைந்தால் கேபிளைக் குறை சொல்லும் முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள். 500 வரிசை மதர்போர்டுகளில் யூஎஸ்பி துண்டிப்பு நேர்வதை ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியே 2021-ல் ஒப்புக்கொண்டு, பயாஸுக்கு அடிப்படையான அஜீசா மென்பொருளின் 1.2.0.2 பதிப்பில் திருத்தம் கொடுத்தது. கேமிலும் ஒலியிலும் ஒரு நொடி தடங்கல் வந்துபோகும் எஃப்டிபிஎம் (ப்ராசஸரோடு வரும் பாதுகாப்பு அம்சம்) சிக்கலுக்கு 2022-ல் 1.2.0.7 வந்தது. பழைய போர்டை வாங்குபவர்கள் முதல் வேலையாக பயாஸைப் புதுப்பித்துவிடலாம். டேப்லெட்டைப் பின்பக்கத்து யூஎஸ்பி 2.0 துளையில் செருகினால் போதும், அதற்கு மேல் வேகம் அதற்குத் தேவையில்லை.

வண்ணத்தைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ண வரம்பை முழுதாகக் காட்டும் ஐபிஎஸ் வகை மானிட்டர் பேனல் இரண்டு வேலைக்கும் பொருந்தும். 27 அங்குலம் வாங்கினால் 1440பி. அதே அங்குலத்தில் 1080பி என்றால் கோட்டின் ஓரத்தில் பிக்ஸல் படிக்கட்டு கண்ணை உறுத்தும். எச்டிஎம்ஐ வழியில் கருப்பு சாம்பலாகத் தெரிந்தால் டிரைவரில் டைனமிக் ரேஞ்ச் 'ஃபுல்' ஆக இருக்கிறதா என்று பாருங்கள். கேமுக்காக ஆன் செய்த எச்டிஆரும், கண்ணுக்காக ஆன் செய்த நைட் லைட்டும் வரையும் நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். மானிட்டரின் வண்ணத்தைக் கேலிபிரேட் செய்து சரிப்படுத்தியிருந்தாலும், சில முழுத்திரை கேம்கள் அந்தத் திருத்தத்தைத் தூக்கியெறிந்துவிட்டு மூடும். கேம் முடித்து வரைய உட்காரும்போது தோல் நிறம் சற்று நீலமாகத் தெரிந்தால் வண்ண புரொஃபைலை மறுபடி ஏற்றுங்கள்.

சத்தம் என்பது வரையும்போதுதான் காதில் விழுகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் ரைசன் ஒரு கணம் பூஸ்ட் ஆகி 45 டிகிரியிலிருந்து 60-க்குத் தாவும், ஃபேனும் கூடவே ஏறி இறங்கும். ஹூம்... ஹூம்... என்று அந்த ஏற்ற இறக்கம், ஒரே சீராக ஓடும் ஃபேனைவிடப் பெரிய எரிச்சல். பயாஸில் 65 டிகிரி வரை ஃபேன் வேகத்தைச் சமதளமாக வைத்து, ஏற சில நொடி தாமதமும் கொடுத்ததில் அது அடங்கியது. 5700எக்ஸோடு கூலர் வராது. ஆனால் அது 76 வாட்டுக்கு மேல் இழுக்காது என்பதால் நடுத்தர டவர் கூலரே தாராளம்.

மூன்றாம் ஆண்டில் வந்த உண்மையான கோளாறு கிராபிக்ஸ் கார்டில். புதிதில் கேம் நடுவே கோர் 68 டிகிரி, ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) 80. பிறகு கோர் 74-லேயே நிற்க, ஹாட்ஸ்பாட் 101-ஐத் தொட்டது. தூசியைத் துடைத்தும் இறங்கவில்லை. இந்த இடைவெளிதான் அடையாளம்: தூசி என்றால் இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறும், ஹாட்ஸ்பாட் மட்டும் பிரிந்து ஏறினால் சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கு வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் விலகியிருக்கிறது. சூடாகியும் ஆறியும் சிப்பின் நடுவிலிருந்து பேஸ்ட் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. வாரண்டி முடிந்த கார்டானால் பிரிக்கலாம். சிப்பைச் சுற்றிய நான்கு ஸ்பிரிங் திருகுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஃபேன் ஒயரை இழுக்காமல் பிளக்கைப் பிடித்து எடுங்கள். நினைவகச் சிப்புகளின் மேல் உள்ள தெர்மல் பேட் கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மி.மீ. கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பில் அமராது. பழைய பேஸ்டை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பேஸ்டுக்குப் பதில் பிடிஎம்7950 போன்ற பேஸ்-சேஞ்ச் தாள் (சூட்டில் இளகி ஒட்டிக்கொள்வது) வைப்பது மேல். அது இப்படி விலகி ஓடாது. மாற்றியபின் ஹாட்ஸ்பாட் 82-க்கு இறங்கியது. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் வெறிவேகமாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

எஸ்எஸ்டியில் எச்சரிக்கை ஒன்றுதான்: முக்கால்வாசிக்கு மேல் நிரப்ப வேண்டாம், அதுவும் நிரம்பினால் எழுதும் வேகம் குறையும் க்யூஎல்சி வகை என்றால். கேம்கள் இடத்தை விழுங்க, ஓவிய மென்பொருள் ரேம் போதாதபோது எழுதும் ஸ்கிராட்ச் கோப்புக்கு இடமில்லாமல் போகிறது. கேமுக்குத் தனி டிரைவ் வையுங்கள். இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியைச் செருகினால் சில போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் இணையும் இரண்டு சாட்டா துளைகள் செயலிழக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டமைப்பின் பெரிய குறை 5700எக்ஸில் உள்ளமை கிராபிக்ஸ் இல்லாதது. கார்டைப் பிரித்து வைத்திருந்த நாட்களில் முழுக் கணினியும் படுத்துவிட்டது. கேமர் ஒரு வாரம் பொறுப்பார். கெடு நெருங்கும் ஓவியர் பொறுக்க முடியாது. இன்று புதிதாகக் கட்டுபவர் ஏஎம்டியின் அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போவது இதற்காகவே நல்லது. ரைசன் 7000 வரிசையில் எஃப் முடிவுள்ளவை தவிர மற்றவற்றில் சிறு கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கார்டு இல்லாமலும் வரையலாம். ஆனால் அங்கே ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு டிடிஆர்5 குச்சிகள் போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தருவது 3600 வேகம் மட்டுமே. 32 வேண்டுமென்றால் 16 × 2, 64 வேண்டுமென்றால் 32 × 2 என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். முதல்முறை இயக்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ள அந்த போர்டுகள் சில நிமிடம் கருந்திரையோடு நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து அந்த நேரத்தில் மின்சாரத்தை அணைக்காதீர்கள்.