ஸ்பெயார் சில்லு இல்லாத கார்

கிளிநொச்சியில் இருக்கிற சித்தியின் மகன் போன கிழமை போன் எடுத்தான். டபுள் கப் பிக்கப்பை வித்துப்போட்டு என்னைப் போல ஒரு சின்னக் கார் எடுக்கப் போகிறானாம். "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, எப்பிடி?" என்றான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் வவுனியாவில் முன் ரயர் இரண்டையும் மாற்றிப்போட்டு, பில்லை ஹான்ட்பாக்குக்குள் மடித்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். போனில் நான் சொன்னது பத்து வசனம் வராது. அதில் பாதி ஏச்சு. கோபம் ஆறட்டும் என்று இருந்து இப்போது எழுதுகிறேன். முழுக்க ஆறவில்லை.

காரின் பேரை எழுதப்போவதில்லை. ஜப்பான் கார், மஞ்சள் நிறம், ஐந்து கதவு, 1.4 லீற்றர் ரேர்போ, ஆறு கியர் மனுவல், எடை 970 கிலோ. தெரிந்தவர்களுக்கு இது போதும். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் 'மஞ்சள்'. இப்போது வீட்டிலும் அதுதான் பேர்.

மஞ்சளுக்கு முதல் எங்கள் முற்றத்தில் நின்றது ஒரு வெள்ளை மொன்டேரோ ஜீப். 3.2 லீற்றர் டீசல், ஏழு பேர் இருக்கலாம், எடை இரண்டு தொன்னுக்கு மேல். என் மனுசனின் பெருமை அது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாமி, மச்சாள், பிள்ளைகள், பானை, விறகு என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டான் பக்கத்தால் முக்காமல் முனகாமல் போய் வரும். அதில் ஒரு குறையும் இல்லை, அது குடிக்கிறதைத் தவிர. லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் தந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

2022 ஆடியில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்தபோது கணக்கு வெளித்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். மொன்டேரோவின் தாங்கி 88 லீற்றர். 20 லீற்றரில் அது 160 கிலோமீற்றர் ஓடும். எனக்கு மாங்குளத்தில் வீடு, வவுனியாவில் வேலை. போக வர ஏறத்தாழ 90. செவ்வாய்க்கிழமை பின்னேரத்தோடு கிழமை முடிந்துவிடும். மிச்ச நாளெல்லாம் பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கினேன். 2023 தொடக்கத்தில் மொன்டேரோ மன்னாருக்குப் போனது, மஞ்சள் வந்தது. 2020 பங்குனியிலிருந்து வாகன இறக்குமதி இல்லாத காலம் என்பதால் பழைய காருக்குப் புதுக்காரின் விலை. "கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை" என்று மாமி சொன்னா. விலையைக் கேட்ட பிறகு அதுகூடச் சொல்லவில்லை.

இரண்டரை வருஷம், ஐம்பத்து நாலாயிரம் கிலோமீற்றர். லீற்றருக்கு 15, 16 தருகிறது. பெற்றோல் 95 கேட்கிறது. எல்லாச் செட்டிலும் 95 இராது, எது எங்கே கிடைக்கும் என்று ஒரு மாதத்தில் பழகிவிடும். என்ஜினில் இன்றுவரை கை வைக்கவில்லை, எண்ணெயும் பில்ரர்களும் மாற்றியதுதான்.

ஓட்டம் எப்படி என்று கேட்டால், சும்மா சொல்லக்கூடாது. 140 குதிரை என்கிறார்கள். ஏ9 பெருந்தெருவில் காருக்கு 70 தான் சட்டம், மரநிழலில் பொலிஸ் நிற்கும், ஆகவே குதிரைகள் பெரும்பாலும் கட்டித்தான் கிடக்கின்றன. 70-க்கு மேலே என்ன செய்யும் என்பது எனக்குத் தேவையில்லை. நாற்பதிலிருந்து எழுபதுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் எனக்கு வேலை. கனகராயன்குளத்தில் ஆளை இறக்கிவிட்டு உருண்டு கிளம்புகிற பஸ்ஸை விலத்த மூன்றாவது கியரில் ஒரு மிதி போதும். மொன்டேரோவில் அதே இடத்தில் மிதித்துவிட்டு, ஓமந்தை வருமட்டும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். இரவில் இந்த ரோட்டில் ஓடியவர்களுக்கு மாடுகளைத் தெரியும். மழை விட்ட பிறகு காப்பெற்றின் சூட்டுக்குக் குடும்பமாகப் படுத்திருக்கும். வெள்ளை மாடென்றால் லைற்றில் தெரியும். எருமை தெரியாது, கண் மட்டும் தெரியும். போன வருஷம் மார்கழியில் புளியங்குளம் தாண்டி அப்படி இரண்டு கண் தெரிந்தது. மிதித்தேன், மஞ்சள் நேராக நின்றது, எருமை எழும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு தொன்னோடு வந்திருந்தால் அந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

எதிர்பாராத ஒரு சந்தோஷமும் இருக்கிறது, அதை எந்த விற்பனைக்காரரும் சொல்லமாட்டார். சண்டை முடிந்த காலத்திலிருந்து எங்கள் பக்கத்தில் வெள்ளை ஜீப் என்றால் ஒன்று தொண்டு நிறுவனம், இல்லையென்றால் அமைச்சர். மொன்டேரோ ஒழுங்கைக்குள் வந்தால் சைக்கிளில் வருகிற ஐயாமார் இறங்கி, வேலியோடு ஒட்டி நிற்பார்கள். நான் இந்த ஊர்ப் பிள்ளை என்று கத்தவா முடியும்? மஞ்சளில் என் முகமும் சைக்கிள்காரரின் முகமும் ஏறத்தாழ ஒரே மட்டம். அதே ஐயா இப்போது கூரையில் தட்டி, "பிள்ளை, வவுனியாவில எனக்கு இந்தக் குளிசை கிடைக்குமோ பார்" என்று துண்டைத் தருகிறார். காருக்கு மரியாதை குறைந்தது. எனக்குப் பேச்சுத் துணை கூடியது.

கார் உயரம் குறைவாக இருப்பதன் மறுபக்கம் எங்கள் ஒழுங்கை. நிலத்திலிருந்து அடிப்பாகத்துக்கு 120 மில்லிமீற்றர்தான், மொன்டேரோவின் பாதி. உழவு மெசின் ஓடி ஓடி நடுவில் புல் வரம்பு எழும்பிய கிறவல் ஒழுங்கையில் ஒரு சில்லை வரம்பிலும் மற்றதை ஓரத்திலும் வைத்துக் கோணலாகத்தான் போகிறேன். மாரியில் மதகடியில் ஒவ்வொரு நாளும் 'கிறீச்'. மனுசன் இரண்டு தடவை மண்வெட்டியோடு போய் வரம்பைச் செதுக்கினார். மாமி ஏறும்போது, "கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரி இருக்கு" என்கிறா. இறங்கும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. இதற்காக நான் கோபிக்கவில்லை.

சில்லுக்கு வருகிறேன்.

இந்தக் காருக்கு ஸ்பெயார் சில்லு கிடையாது. தொலைந்து போகவில்லை, முந்தின சொந்தக்காரர் எடுக்கவில்லை; செய்தவர்களே வைக்கவில்லை. டிக்கித் தரையைத் தூக்கினால் ஒரு காற்றடிக்கிற சின்ன மெசினும் ஒரு போத்தல் பசையும் இருக்கும். ஆணி குத்தினால் அந்தப் பசையைச் செலுத்திக் காற்றடித்து, மெல்லமாக ரயர்க் கடைக்குப் போகட்டாம். பாரம் குறையுமாம், பெற்றோல் மிச்சமாம். இப்போது எத்தனையோ கார்கள் இப்படித்தான் வருகின்றன. ரயர்க் கடை பத்து நிமிஷத்தில் இருக்கிற ஊரில் அது சரியாக இருக்கலாம்.

முதல் வருஷம் கார்த்திகை, மழை, பின்னேரம் ஆறே முக்கால். புளியங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் நடுவில் எதிரே ஒரு லொறியை விலத்திக்கொண்டு பஸ் வந்தது. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். காப்பெற் முடிகிற விளிம்பில் கல் மேலே நின்றது போலும். ஒரு சத்தம், பிறகு ஸ்ரேறிங் பாரித்தது. இறங்கிப் பார்த்தால் ரயரின் கன்னத்தில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வெட்டு. 195/45, 17 அங்குல ரயர் இது. ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையில் இருப்பது 88 மில்லிமீற்றர் றப்பர். தோசை மாதிரி.

போத்தலை எடுத்தேன். முழுக்க ஜப்பான் எழுத்து. எனக்கு விளங்கியது ஒரு திகதி மட்டும். அது கடந்து ஒரு வருஷம். இருந்தாலும் அடித்தேன். ஒரு பக்கத்தால் போன பசை மறுபக்கத்தால் பால் மாதிரி வழிந்து மழைத் தண்ணியோடு ஓடியது. கன்ன வெட்டுக்குப் பசை நிற்காது என்பதை அப்படித்தான் படித்தேன்.

யானை நடமாடுகிற பக்கம். இருட்டிக்கொண்டு வந்தது. நல்ல காலம், ஒரு லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெசின், வந்து நின்றது. சாக்கால் தலையை மூடிய ஒரு பெரியவர் இறங்கி வந்தார்.

"ஸ்பெயார் சில்லை எடு பிள்ளை, மாத்துவம்."

"இல்லை ஐயா."

"வீட்டில விட்டிட்டியோ?"

"கம்பனியே தரேல்லை ஐயா."

"விசர்க் கதை கதையாதை" என்று டிக்கியைத் தானே திறந்து, தரையைத் தூக்கி, ஸ்பொஞ்சையும் கிளப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். காசு கொடுத்து ஏமாந்த பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது.

ஆனாலும் விடவில்லை. கனகராயன்குளத்தில் தெரிந்த பெடியன் ஒருவனிடம் இதே காரின் சாதாரண மொடல் இருக்கிறது என்று போன் எடுத்தார். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், பின்னால் இருந்தவன் மடியில் சில்லு, தோளில் ஜக். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சில்லை என் சில்லுக்குப் பக்கத்தில் சாத்தினான். ஒரு கணம் எல்லோரும் பேசாமல் நின்றோம். அதில் நாலு ஓட்டை. என்னுடையதில் ஐந்து.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாதாரண மொடலுக்கு நாலு ஓட்டை, ஓட்டைகள் நிற்கிற வட்டம் 100 மில்லிமீற்றர். இந்த 'ஸ்போர்ட்'டுக்கு மட்டும் ஐந்து ஓட்டை, 114.3. ஒரே கொம்பனி, ஒரே பேர், ஒரே முகம், சில்லு மட்டும் சொந்தம் கொண்டாடாது.

காரைப் பக்கத்து வளவொன்றுக்குள் உருட்டிவிட்டோம். மனுசன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஹெல்மெற்றை நீட்டிக்கொண்டு, "இஞ்சேரும், மொன்டேரோவின்ர பின்கதவில ஒரு சில்லு தொங்கினது ஞாபகம் இருக்கோ?" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. வவுனியாக் கடைகளில் அல்ட்டோவுக்கு இருந்தது, உழவு மெசினுக்கு இருந்தது, எனக்கு இல்லை. கொழும்பிலிருந்து இராப்பஸ்ஸில் போட்டுவிட்ட ரயர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு பழைய சாமான் கடையொன்றில் ஐந்து ஓட்டையில் ஒரு நோஞ்சான் தற்காலிகச் சில்லு எடுத்து டிக்கியில் போட்டிருக்கிறேன். தரைக்குக் கீழே போகாது, மேலேதான் படுத்திருக்கிறது. '80-க்கு மேல் ஓடாதே' என்று மஞ்சள் துண்டு ஒட்டியிருக்கிறது. ஏ9-இல் நான் நிறுத்துவது 70-இல், அது பரவாயில்லை. ஆனால் 265 லீற்றர் டிக்கியில் மிஞ்சியது ஒரு மரக்கறிப் பைக்கான இடம். அரிசி மூட்டை பின் சீற்றில் ஆள் மாதிரி இருந்து வருகிறது.

இப்போது போன கிழமைக்கு வருகிறேன். முன் ரயர்கள் தேய்ந்துவிட்டன, ஒன்றில் புதிதாக ஒரு வீக்கம். ரயர்க் கடைத் தம்பி நல்ல பெடியன். "அக்கா, இந்தப் பதினேழைக் கழட்டி வித்துப்போட்டு 16 அங்குல ரிம்முக்கு மாறுங்கோ. 185/55 போட்டால் உயரம் கிட்டத்தட்ட ஒண்டுதான், பிரேக்கில முட்டாது. கன்னத்தில 14 மில்லி கூட றப்பர் கிடைக்கும். ரயரும் இஞ்சையே கிடைக்கும், கொழும்பு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை" என்றான். கணக்கும் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு சொல்லும் சரி. ஐந்து ஓட்டை ரிம் நாலும் எடுத்துத் தருவதாகவும் சொன்னான்.

நான் காரைப் பார்த்தேன். அந்தக் கறுப்பும் வெள்ளியும் கலந்த பதினேழு அங்குலச் சில்லில் மஞ்சள் நிற்கிற நிலை இருக்கிறதே. ஓமந்தை வளைவில் ஸ்ரேறிங்கைத் திருப்ப நினைக்கும்போதே திரும்புகிற அந்தக் குணம் இந்தத் தோசை ரயரால்தான் வருகிறது என்றும் எனக்குத் தெரியும். "இல்லைத் தம்பி, பதினேழே போடு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை லாண்ட்மாஸ்டர் ஐயாவிடம் முதலே கண்டிருக்கிறேன். பில்லின் தொகையை மனுசனுக்குச் சொல்லவில்லை. இதை வாசித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

தம்பி, உனக்கு என் பதில்: எடுக்காதே. உன் வளவு ஒழுங்கை என்னுடையதைவிட மோசம், சித்திக்கு முழங்கால் ஏலாது, நீ நெல்லு மூட்டை ஏற்றுகிற ஆள். 2025 மாசியிலிருந்து இறக்குமதி திறந்தாயிற்று; பொறுத்துப் பார், ஸ்பெயார் சில்லு இருக்கிற காராகப் பார்த்து எடு.

இதையே போனிலும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப உங்கட மஞ்சளைத் தாங்கோவன் அக்கா, நல்ல விலைக்கு எடுக்கிறன்" என்றான்.

விற்கிற யோசனை இல்லை என்றேன். கிளிநொச்சிப் பழைய சாமான் கடைகளில் ஐந்து ஓட்டை, 114.3, பதினேழு அங்குலத்தில் ஒரு முழுச் சில்லு கிடந்தால் மட்டும் எனக்குச் சொல்லச் சொன்னேன்.