காட்பாடி–பாகாயம் ஷேர் ஆட்டோ: ஏறினால் வசதி, பக்கத்தில் ஓட்டினால் தலைவலி

வேலூரில் ஒரே ஒரு லைனுக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் காட்பாடி–பாகாயம் லைனுக்குத்தான் போட வேண்டும். ரயில் நிலையம், புது பஸ் ஸ்டாண்டு, பழைய பஸ் ஸ்டாண்டு, கோட்டை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, தொரப்பாடி, பாகாயம் என்று ஊருக்கு வேண்டிய எல்லாமே அந்த வழியில்தான் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவருக்கு அந்தச் சேவை ஐந்துக்கு மூன்றரை. அதே ரோட்டில் டூவீலர் ஓட்டுகிறவருக்கு ஒன்று. இரண்டையும் கட்டுக்குள் வைக்க வேண்டிய போக்குவரத்து ஏற்பாட்டுக்கு அரை. அந்த அரையும் சி.எம்.சி. வாசலில் வெயிலில் நின்று கை காட்டுகிற காவலருக்காக.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். இந்த வழியில் 1, 2 என்று நம்பர் போட்ட டவுன் பஸ்கள் ஓடுகின்றன. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அப்படியும் ஷேர் ஆட்டோவில் பாதிக்கு மேல் பெண்களே உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் எளிது. பஸ் வரும்போது இரண்டு சேர்ந்து வரும், வராதபோது இரண்டுமே வராது. ஆட்டோ அப்படி இல்லை. கை நீட்டினால் நிற்கும், இறங்க வேண்டிய சந்து முனையிலேயே இறக்கிவிடும். சி.எம்.சி.யில் காலையில் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டியவருக்கு அந்தக் கால் மணி நேரம் பெரிது.

காட்பாடி ஸ்டேஷன் வாசலில் வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். ஆட்டோவில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஷேர் என்று நினைத்து ஏறுவார்கள், சி.எம்.சி. வந்ததும் ஓட்டுநர் தனி ஆட்டோவுக்கான தொகையைக் கேட்பார். ஏறும் முன் "ஷேரா, தனியா? தலைக்கு எவ்வளவு?" என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வரும் நோயாளிகள் அதிகம் என்பதால் ஓட்டுநர்களில் பலர் இந்தியும் வங்காளமும் சரளமாகப் பேசுவார்கள், மொழி தெரியவில்லை என்பது ஒரு தடையே இல்லை. சில்லறையாகப் பத்து, இருபது நோட்டு வைத்திருங்கள். ஜிபே ஒட்டியிருக்கும், ஆனால் ஓடுகிற லைன் வண்டியில் இறங்கி நின்று போனை நோண்டினால் பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்தே உங்களைத் துரத்திவிடும்.

எந்த சீட்டில் உட்காருவது என்பது வசதி சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. ஆட்டோவுக்கு மூன்று சக்கரம்: பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. தரையில் அந்த மூன்றையும் இணைத்துக் கோடு போட்டால் முன்பக்கம் கூர்மையான முக்கோணம் வரும். வண்டி கவிழாமல் நிற்பது மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரைதான். ஓட்டுநருக்கு இடமும் வலமும் ஒட்டிக்கொண்டு உட்காருகிற இரண்டு பேர் இருப்பது அந்தக் கூர்முனையின் இரு பக்கமும், கோட்டுக்கு வெளியே. நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வேகத்தோடு யூ டர்ன் எடுத்தால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். முன்சீட் காலியாக இருக்கிறது என்று கூப்பிட்டால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். பின்சீட்டில் நடுவில் உட்காருவதுதான் இருப்பதில் பத்திரம். ஓரத்தில் உட்கார்ந்தால் முழங்காலை வெளியே நீட்டாதீர்கள், தனியார் பஸ் உரசிக்கொண்டு போகிற லைன் இது.

இனி ரோட்டில் கூட ஓட்டுகிறவர் பக்கம். இந்த ஆட்டோக்கள் ஏன் இப்படி ஓடுகின்றன என்பது புரிந்துவிட்டால் பாதி ஆபத்து குறைந்துவிடும். வருமானம் தலைக்கணக்கு. வாடகை வண்டியாக இருந்தால் சாயங்காலம் ஓனருக்கு ஒரு தொகை கட்டியே ஆக வேண்டும். டீசலோ கேஸோ அதற்கு மேல். முன்னால் போகிற வண்டி வழியில் நிற்கிற ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விட்டால் பின்னால் வருகிறவருக்குக் காலி ரோடுதான் மிச்சம். அதனால் முன்வண்டியைத் தாண்டும் வரை விரட்டுவது, தாண்டியதும் ஆளைப் பார்த்து சட்டென்று ஒதுங்குவது. விரட்டலும் ஒதுங்கலும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

ஆகவே, பயப்பட வேண்டியது ஆள் நிறைந்த வண்டிக்கு இல்லை. நிறைந்த வண்டி மெதுவாக, நேராகப் போகும். அதற்கு அவசரம் கிடையாது. பிரேக் மட்டும் தாமதமாகப் பிடிக்கும், டிரம் பிரேக்கில் ஏழெட்டு பேரின் எடையை நிறுத்த வேண்டுமே. அதற்கு முன்னால் போய்ச் சடன் பிரேக் போடாமல் இருந்தால் போதும். காலி வண்டிதான் எப்போது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாதது. ஓட்டுநரின் தலை இடப்பக்கம் திரும்பி நடைபாதையை மேய்கிறதா என்று பாருங்கள். மேய்ந்தால் அவர் ரோட்டைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இரண்டு வண்டி நீளம் விட்டுப் பின்னால் வாருங்கள்.

பிரேக் லைட்டை நம்பாதீர்கள். பல வண்டிகளில் பல்ப் எரியாது, எரிகிற வண்டியிலும் கூரையைச் சுற்றி ஓடுகிற கலர் எல்.இ.டி. வெளிச்சத்தில் அது தெரியாது. அதைவிட நல்ல சிக்னல் உள்ளே இருக்கிறது. இறங்க வேண்டியவர் பையை மடியிலிருந்து தூக்குவார், முன்னால் சாய்வார், கையிலிருக்கும் நாணயத்தால் சீட்டுக் கம்பியில் "டக் டக்" என்று தட்டுவார். அந்தச் சத்தம் கேட்ட இரண்டு மூன்று நொடியில் வண்டி நின்றுவிடும், எங்கே இருந்தாலும் சரி. பின்னால் வருகிறவர் இண்டிகேட்டரைத் தேடாமல் பயணிகளின் தோளைப் பார்த்து ஓட்டினால் பிரேக் அடிக்க நேரம் கிடைக்கும்.

இடப்பக்கம் ஓவர்டேக் வேண்டவே வேண்டாம். இது பொது விதி என்பதால் சொல்லவில்லை. முன்சீட்டில் இடப்பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் அவருடைய தோள் இடக் கண்ணாடியை மறைத்துவிடும். ஓட்டுநர் அரை சீட்டில் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருப்பார். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது கை பக்கத்தில் இருப்பவரின் மேல் இடிக்கும், எனவே மெல்லத் திருப்ப முடியாமல் ஒரே வெட்டாக வெட்டுவார். நீங்கள் இடப்பக்கம் இருப்பது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் கை ஒத்துழைக்காது. போதாததற்கு இறங்குகிறவரும் அந்தப் பக்கம்தான் கால் வைப்பார். வலப்பக்கம் தாண்டும்போதும் ஹாரனை ஒரு முறை அடித்துவிட்டு, ஒரு கை தூரமாவது விட்டுத் தாண்டுங்கள். பள்ளமும் பாதாளச் சாக்கடை மூடியும் வந்தால் ஒற்றை முன்சக்கரத்தைக் காப்பாற்ற வண்டி வலப்பக்கம் வளையும்.

இடம் இடமாகச் சொன்னால், ஓடைப்பிள்ளையார் கோயில், சில்க் மில், விருதம்பட்டு வரை நிறுத்தி நிறுத்திப் போகிற ஓட்டம், கவனமாக இருந்தால் தொல்லை இல்லை. பாலாற்றுப் பாலம் வேறு கதை. பாலத்தின் மேல் ஏற ஆள் இல்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. அக்கரையில் புது பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்தை யார் முதலில் பிடிப்பது என்ற போட்டி நடப்பது இங்கேதான். ஆட்டோ, தனியார் டவுன் பஸ், அரசு பஸ் மூன்றும் அடுத்தடுத்து ஓவர்டேக் எடுக்கும். பாலத்தில் டூவீலர்காரர் இடது ஓரத்தில் சீரான வேகத்தில் போவதுதான் புத்தி. எதிரில் வருகிற வண்டி ஹெட்லைட்டை அடித்து அடித்துக் காட்டினால் "நான் வருகிறேன், நீ ஒதுங்கு" என்பதுதான் அதன் பொருள், வழி விடுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிரீன் சர்க்கிள்தான் ஊரின் பெரிய பரீட்சை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வெளியூர் பஸ்கள், சத்துவாச்சாரி பக்கம் போகிற சர்வீஸ் ரோடு வண்டிகள், காட்பாடி ரோட்டு டவுன் பஸ்கள், புது பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிறவை எல்லாம் ஒரே இடத்தில் சேரும். ரவுண்டானாவில் சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. இங்கே நடப்பது, யாருடைய முன்சக்கரம் முதலில் நுழைகிறதோ அவருக்கு வழி. ஷேர் ஆட்டோக்கள் திருப்பத்திலேயே நின்று ஆள் ஏற்றுவதால் இடது ஓரத்தில் ஒரு லேன் எப்போதும் செத்துப்போயிருக்கும். ஓரமாகவே போகலாம் என்று நுழைந்தால் ஆட்டோ முதுகில் போய் முட்டி நின்று, பின்னால் பஸ்ஸிடம் திட்டு வாங்க வேண்டும். ஒரு பஸ்ஸோ லாரியோ போகும்போது அதன் இடப்பக்க நிழலில் சேர்ந்து சுற்றி வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். பெரிய வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். நீங்கள் நிற்கிற இடம் அதுதான்.

சி.எம்.சி. முன்னால் ஐடா ஸ்கடர் ரோட்டில் வேகம் ஒரு பிரச்சினையே இல்லை, நடக்கிற வேகம்தான். அங்கே ஆபத்து ஆட்டோவால் இல்லை, நோயாளிகளால். வீல்சேர் தள்ளுகிறவர், ஸ்கேன் கவரைக் கையில் பிடித்து எதிர்ப்பக்க மருந்துக்கடையை மட்டும் பார்த்துக்கொண்டே குறுக்கே வருகிறவர், கட்டுப் போட்ட கண். ஹாரன் அடித்துப் பயனில்லை, பாதிப் பேர் திடுக்கிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்க முடியாது, ஆட்டோ வரிசை அடைத்திருக்கும். முன்னால் நகர்ந்து இடைவெளி இருக்கும் இடத்தில் உள்ளே நுழைந்து நில்லுங்கள். இதைத் தாண்டிவிட்டால் வேலப்பாடி, டோல்கேட், தொரப்பாடி வழி பாகாயம் வரை சுமாராக மூச்சு விடலாம், பள்ளி விடும் நேரத்தைத் தவிர.

தனியார் டவுன் பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்டோவைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கலெக்‌ஷனை வைத்து பேட்டா என்ற ஏற்பாடு இருக்கும் வரை டிரைவருக்கும் கண்டக்டருக்கும் முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டுவது தொழில்தான். ஸ்டாப்பில் நான்கு நிமிடம் உறுமிக்கொண்டு நிற்பது, பின்பஸ் கண்ணாடியில் தெரிந்ததும் சீறிக் கிளம்புவது. அப்படி நிற்கிற பஸ்ஸை வலப்பக்கம் தாண்டும்போது கண்டக்டரின் விசில் இரண்டு முறை கேட்டால் பாதியிலேயே பின்வாங்குங்கள். உங்களுக்கு இடம் விட்டுக் கிளம்ப மாட்டார். மல்டி டோன் ஏர் ஹாரன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் தடை செய்யப்பட்டது. காதுக்குப் பக்கத்தில் அது அலறுவதைக் கேட்டால் தடை இருப்பது நம்ப முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 194ஏ பிரிவின்படி அனுமதிக்கு மேல் ஏற்றிய ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய். சாதாரண ஆட்டோவுக்கு அனுமதி மூன்று பயணி. இதில் யாரும் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. அதே பிரிவு, கூடுதல் பயணிகளை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு ஆகும் வரை அந்த வண்டியை நகர விடக்கூடாது என்கிறது. ஓர் ஆட்டோவைச் சட்டப்படி பிடித்தால் நடு ரோட்டில் நான்கு பேர், அதில் இருவர் நோயாளி, அவர்களுக்கு இன்னொரு வண்டி, பின்னால் ஜாம். டூவீலரில் ஹெல்மெட் இல்லாமல் வருகிறவரை ஓரம் கட்டினால் 1000 ரூபாய், ஒரு நிமிட வேலை. தடுப்பு வைத்து நிற்கிற இடங்களில் எது அதிகம் நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஹெல்மெட் கேஸ் போடுவது தவறில்லை. ஆனால் அதே தடுப்பின் பக்கத்தில் முன்சீட்டில் இரண்டு பேரோடு ஆட்டோ கும்பிடு போட்டுவிட்டுப் போகும்போது, பிடிக்க முடிந்தவரைத்தான் பிடிக்கிறார்கள் என்பது சின்னப் பையனுக்கும் தெரிந்துவிடுகிறது. மூன்று நான்கு இடங்களில் மஞ்சள் கோடு போட்டு ஷேர் ஆட்டோவுக்கென்று நிற்கும் இடம் ஒதுக்கி, அதற்கு வெளியே நின்றால் மட்டும் கேஸ் என்று ஆரம்பித்தாலே பாதி சரியாகும். கிரீன் சர்க்கிள் திருப்பத்திலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி ஒன்று, அவ்வளவுதான்.

கூடுதல் ஆளாக ஏறுகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசி வண்டியின் அனுமதிக்கப்பட்ட பயணி எண்ணிக்கைக்குத்தான். 2007இல் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஒரு பஸ் விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலிசியில் உள்ள எண்ணிக்கை அளவுக்கே கம்பெனி பொறுப்பு என்றது. மூன்று பேர் வண்டியில் ஏழாவது ஆளாக இருந்து அடிபட்டால் மிச்சத் தொகைக்கு வண்டி ஓனரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

புகார் செய்ய வேண்டுமென்றால் 100, அல்லது 2022இல் வந்த காவல் உதவி செயலி. டி.என். 23 என்று தொடங்கும் முழு நம்பர், இடம், நேரம், போகும் திசை நான்கும் இருந்தால்தான் பயன். "ஒரு மஞ்சள் ஆட்டோ" என்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டிக்கொண்டே போட்டோ எடுக்காதீர்கள், கேஸ் உங்கள் மேல் விழும்.

இப்போது பேட்டரி ஆட்டோக்களும் இந்த லைனில் கலந்துவிட்டன. சவாரி சுகம், புகை இல்லை, பின்சீட்டில் அதிர்வும் குறைவு. டூவீலருக்கு ஒரே பிரச்சினை, பின்னால் வருவது காதில் விழாது. திரும்பும் முன் கண்ணாடியோடு நிறுத்தாமல் தோளுக்கு மேலும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். 2018இல் மத்திய அரசு பேட்டரி வண்டிகளுக்கு பர்மிட்டிலிருந்து விலக்கு கொடுத்ததால் சீட் கணக்கும் இல்லை என்று சில ஓட்டுநர்கள் சொல்லி முன்னால் இரண்டு பேரை ஏற்றுகிறார்கள். விலக்கு பர்மிட்டுக்கு மட்டும்தான். ஆர்.சி.யில் எத்தனை சீட் எழுதியிருக்கிறதோ அத்தனை பேர்தான் அதற்கும் கணக்கு, 194ஏ அதற்கும் பொருந்தும்.