கிணற்று நீர்ப் பரிசோதனைச் சேவை: லாபீஸ் தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

ஜொகூர் மாநிலத்து லாபீசுக்கு வெளியே, செம்பனைக் காட்டை ஒட்டிய எங்கள் பழைய லயத்து வீடுகளுக்குக் குழாய் நீர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், தண்ணீர் நின்றுபோகும் நாள்களில் எல்லாரும் வாளியோடு போய் நிற்பது என் அண்ணி வீட்டுக் கிணற்றடியில்தான். அந்த வரிசை வீடுகளில் சிறுநீரகம் கெட்டு இரத்தச் சுத்திகரிப்புக்குப் (டயாலிசிஸ்) போய்வருகிறவர்கள் இப்போது மூவர். மூவருமே அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்பதால், கிணற்றில் ஏதோ விஷம் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பி, கல்யாண வீடுவரை போய்விட்டது. தோட்ட மருத்துவமனையில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டுக்கே வந்து மாதிரி எடுத்துச் செல்லும் ஒரு தனியார் ஆய்வகத்தின் தொகுப்புச் சேவையை, நான்கு வீட்டார் பங்கு போட்டு, 480 ரிங்கிட்டுக்கு எடுத்தோம்.

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு ஆள் வந்தார். கிருமிப் பரிசோதனைக்கான போத்தலை உறை பிரிக்காமல் கொண்டுவந்து, நிரப்பியவுடன் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். அது 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உலோகங்களுக்கான போத்தலில் முன்கூட்டியே சில துளி அமிலம் விட்டிருந்தார்கள், அதுவும் முறைப்படியே. ஆனால் எல்லாப் போத்தலுக்கும் பொதுவாக, கிணற்று மோட்டாரோடு இணைத்த குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுத்தான் நீர் பிடித்தார். கிருமிக்கு அது சரி. ஈயத்துக்கு அது சரியல்ல. இரவெல்லாம் குழாயில் தேங்கி நின்ற முதல் நீரில்தான் கரைந்த உலோகம் இருக்கும். "தம்பி, இதற்கு மட்டும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டாமா?" என்று கேட்டேன். "எங்க புரொசீஜர் இப்படித்தான் அங்கிள்" என்றார். அந்தப் பித்தளைக் குழாயின் வாயைச் சுற்றிலும், கீழே சிமெண்டுத் தரையிலும் பச்சைக்கறை படிந்திருப்பதைக் காட்டினேன். அவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். அறிக்கையில் அந்தப் படத்தைக் காணோம்.

பத்தாம் நாள் அறிக்கை வந்தது. அமிலக் காரக் குறியீடு (pH) 5.2 என்றிருந்தது, குடிநீருக்கு மலேசியத் தரம் 6.5 முதல் 9.0 வரை. இந்தச் செம்மண் பகுதியில் ஆழமில்லாத கிணறுகளின் நீர் புளிப்பேறியிருப்பது வியப்பில்லை. ஆனால் அப்படிப்பட்ட நீர் பித்தளையிலிருந்து செம்பையும் ஈயத்தையும் அரித்தெடுக்கும் என்பதால்தான் அந்தப் பச்சைக்கறையைப் பற்றி அத்தனை சொன்னேன். ஈயம் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்ட நீரில் எப்படிக் கண்டறிவார்கள்?

நைட்ரேட் வரிதான் எனக்குப் பெரிய தலைவலி கொடுத்தது. 9.1 என்ற எண் மட்டும் இருந்தது. அது நைட்ரஜனாகக் கணக்கிட்டதா, நைட்ரேட்டாகக் கணக்கிட்டதா என்று இல்லை. முன்னதென்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பை உரசிக்கொண்டு நிற்கிறது. பின்னதென்றால் வரம்பு ஏறத்தாழ 45, ஆகவே கவலையே இல்லை. மூன்று முறை தொலைபேசியில் அழைத்த பிறகே நைட்ரஜன் கணக்கு என்று உறுதி செய்தார்கள். நைட்ரேட் மிகுந்தால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைதான்; அப்படி ஒரு குழந்தை உள்ள வீட்டுக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட்டோ நீர் சுண்டச் சுண்டச் செறிவாகத்தான் செய்யும். அறிக்கையோடு இணைத்திருந்த விளம்பரத்தாளில் பரிந்துரைத்த கரி வடிகட்டியும் நைட்ரேட்டை அகற்றாது. பரிசோதிப்பவரே வடிகட்டியும் விற்பது எனக்கு உவப்பாக இல்லை.

தொகுப்பின் விலையில் பெரும்பகுதியைத் தின்பது பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிப் பட்டியல். அதைத்தான் மக்களும் நம்பிக் கேட்கிறார்கள். தோட்டங்களில் அடித்துவந்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி இல்லை என்று வந்தவுடன் அண்ணி வீட்டில் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அந்த மருந்து களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும்; நிலத்தடி நீருக்கு இறங்குவது அரிது. அது உடலுக்குள் வந்த வழி வேறு. முதுகில் பம்ப் சுமந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்து அடித்த அண்ணியிடம் கேட்டபோது, "மூடி சரியா மூடாது தம்பி, குனிஞ்சா முதுகெல்லாம் நனையும், வேலை முடியிற வரைக்கும் அந்தத் துணிதான்" என்றார். இந்நாட்டில் 2002இல் தடையை அறிவித்து, 2006இல் தளர்த்தி, கடைசியாக 2020 ஜனவரி 1 முதல்தான் அதை முழுமையாகத் தடை செய்தார்கள். உடலில் ஏறிய பாராகுவாட்டின் பெரும்பகுதி ஓரிரு நாள்களில் சிறுநீரில் போய்விடும் என்பதால், இன்றைய கிணற்று நீரிலோ இன்றைய சிறுநீரிலோ அன்றைய நனைந்த முதுகைத் தேடுவது வீண்.

பட்டியலில் எனக்குப் பயனுள்ளதாகப் பட்டது ஆர்சனிக் ஒன்றுதான். பாராகுவாட் வருவதற்கு முன் ரப்பர்த் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். தனிமம் என்பதால் ஆர்சனிக் சிதைந்து மறையாது. பழைய பால்மரக் காடாக இருந்த நிலத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை விடக்கூடாது. எங்கள் கிணற்றில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்புக்கு வெகு கீழே இருந்தது.

படிவத்தில் குடிப்பவர்களின் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சிறுநீரகம் கெட்ட மூவரில் இருவருக்கு நெடுநாளாக இனிப்புநீர் (நீரிழிவு நோய்). நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதுவே காரணம். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து உழவர்களைத் தாக்கும், இனிப்புநீரோ இரத்த அழுத்தமோ காரணமாகாத சிறுநீரக நோய்க்குக் கடின நீர், புளோரைடு, வேளாண் இரசாயனம், வெயிலில் நீர் வற்றும் உழைப்பு என்று எத்தனையோ ஆராய்ந்தும், எல்லாரும் ஒப்பும் ஒற்றைக் காரணம் கிடைத்தபாடில்லை. பக்கத்து சாஆ, பெக்கோக் உட்பட சிகாமட் மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களில் (துணை மாவட்டங்களில்) மோனாஷ் பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வகம் 2011 முதல் வீடு வீடாகத் தகவல் சேர்ப்பது போன்ற ஆண்டுக்கணக்கான வேலையை, 480 ரிங்கிட் போத்தல்களிடம் எதிர்பார்ப்பது நம் பிழை. விற்பவர் 'நோய்க்கான காரணத்தைக் கண்டறியுங்கள்' என்று விளம்பரத்தில் போடுவது அவர் பிழை.

ஆகவே களைக்கொல்லிப் பட்டியலை விட்டுவிட்டு, கிருமி, நைட்ரேட், உலோகம் (ஆர்சனிக்கும் சேர்த்து) மூன்றுக்கு மட்டும் தனித்தனியாகக் கேளுங்கள். கொடுக்கிறார்கள், பாதி விலைகூட ஆகாது. ஈயத்துக்கும் செம்புக்கும் மறுபடி ஒரு போத்தல் சொல்லியிருக்கிறேன். இம்முறை குழாயைத் திறக்கப்போவது நான்தான், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, வேறு யாரும் வாளியோடு வருவதற்கு முன்.