வட்டக்கானல் முதல் அவலாஞ்சி வரை: மலைநடைக்கு எந்தக் காலணி?

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் புறப்பட்டு, வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதை, எந்தக் காலணியின் குணத்தையும் ஒரே நாளில் அம்பலப்படுத்திவிடும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் தொடங்கி, பெரியகுளத்துக்கு அருகே அடிவாரம் வரை 1,500 மீட்டருக்கும் மேலான இறக்கம். மேலே மூடுபனியில் நனைந்த மரவேர்கள், இடையில் காலடியில் உருளும் சரளைக் கற்கள், கீழே வெயிலில் காயும் பாறை. இந்தப் பாதையையும் நீலகிரியின் அவலாஞ்சி, கோத்தகிரிப் பக்கத்துச் சோலைகளையும் மனதில் வைத்தே நான்கு வகைகளை இங்கே எடைபோடுகிறேன்: கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ், நீர்புகாச் சவ்வு வைத்த துணி பூட்ஸ், வலைத்துணியில் செய்த தாழ்வான நடைக்காலணி, தேயிலைத் தோட்டங்களில் அணியும் ரப்பர் பூட்ஸ்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் நடைக்குத் தாழ்வான காலணி. முதுகில் சுமையோடு இரண்டு மூன்று நாள் நடப்பதானால் தோல் பூட்ஸ். கடைக்காரர்கள் மிகவும் பரிந்துரைக்கும் சவ்வு பூட்ஸுக்கு நம் மழைக்காலத்தில் மூன்றாவது இடம்தான். ஆனால் இந்த வரிசை முழுவதும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: பாதத்துக்குப் பொருந்தாத காலணி எந்த வகையாக இருந்தாலும் கணக்கில் வராது.

பொருத்தம்

முதல் சிக்கல் எண்களில் இருக்கிறது. நம் கடைகளில் 7, 8, 9 என்று சொல்வது பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவு. அதில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். 41, 42, 43 என்று போகும் ஐரோப்பிய அளவில் இடைவெளி 6.7 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டு இறுக்கமாகவும் ஒன்பது தொளதொளப்பாகவும் இருந்தால், ஐரோப்பிய எண்ணில் வரும் காலணிகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓர் அளவு கிடைக்கலாம். ஆண்களுக்கான அமெரிக்க எண் பிரிட்டிஷ் எண்ணைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதல் என்பதையும் இணையத்தில் வாங்குவோர் நினைவில் வைக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் அகலம். வெறுங்காலோடு நடந்து வளர்ந்த இந்தியர்களின் பாதத்தை மேற்கத்தியரின் பாதத்தோடு ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வு, வெறுங்காலில் நடப்பவர்களின் பாதம் அகலமாக இருப்பதைக் காட்டியது. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த பலருக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டிய சங்கதி அல்ல. குறுகிய அச்சில் (காலணியை உருவாக்கப் பயன்படும் பாத வடிவக் கட்டையில்) செய்த பூட்ஸைப் போட்டதும் சுண்டுவிரல் நசுங்குகிறது. உடனே ஓர் எண் கூட்டி வாங்குகிறார்கள். முன்பாதத்துக்கு இடம் கிடைக்கிறது, குதிகால் ஆடத் தொடங்குகிறது. ஏற்றத்தில் குதிகால் ஒவ்வொரு அடிக்கும் எழும்பி உரசினால் கொப்புளம் நிச்சயம். அகலம் வேண்டுமென்றால் அகலமான அச்சில் செய்த காலணியைத்தான் தேட வேண்டும். நீளத்தைக் கூட்டி அகலத்தை ஈடுகட்ட முடியாது.

கடைக்கு மாலையில் போங்கள். பகலெல்லாம் நடந்தும் நின்றும் பாதம் சற்று வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் அதே தடித்த சாக்ஸைக் கையோடு கொண்டு போங்கள். காலணிக்குள் இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் எழுந்து நின்றால் பாதி விடை தெரிந்துவிடும்: பாதம் பக்கவாட்டில் வழிகிறதா, பெருவிரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சற்றுப் பெரிது. பெரிய பாதத்துக்கு ஏற்ற எண்ணை எடுத்துக்கொண்டு, சிறியதற்கு மெல்லிய இன்சோல் ஒன்றைக் கூடுதலாக வைத்துச் சமாளிக்கலாம்.

பிறகு முக்கியமான சோதனை. லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் வேகமாக இறங்குங்கள். விரல் நுனி முன்சுவரை ஒருமுறை தொட்டாலும் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படிக்கட்டில் ஒருமுறை தொடுவது, வெள்ளகவிக்குக் கீழே உள்ள இறக்கத்தில் ஆயிரக்கணக்கான முறை இடிக்கும். பெருவிரல் நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்று விழும். சமதரையில் நாலு அடி நடந்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று பில் போடச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பாதம் முன்னோக்கி வழுக்கும் இடம் இறக்கம்தான். அங்கே சோதிக்காத பொருத்தம் சோதிக்கப்படாததே.

தோல் பூட்ஸ்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே தோலும் காலணியும் அனுப்பும் மாநிலத்தில் இருக்கிறோம். நல்ல தோலைத் தொட்டுப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தோலின் பெரிய நன்மை, நாளடைவில் அது பாதத்தின் வடிவத்துக்கு இசைந்து வருவது. ஆனால் இசைவது அகலத்தில் மட்டும். நீளம் ஒரு மயிரிழையும் கூடாது. தடித்த, வளையாத அடிப்பாகம் சரளையில் பாதத்தைக் காக்கும், பன்னிரண்டு பதினைந்து கிலோ மூட்டையைச் சுமக்கும்போது உள்ளங்கால் களைக்காமல் தாங்கும். தைத்த சோல் என்றால் தேய்ந்தபின் மாற்றவும் முடியும்.

விலை வேறு வகையில் கொடுக்க வேண்டியிருக்கும். புதிய பூட்ஸை வீட்டிலும் கடைத்தெருவிலும் சில வாரம் போட்டுப் பழக்காமல் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. எடையும் அதிகம்; காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளிடையே பழைய கணக்கு. கொடைக்கானல் நவம்பரில் ஒருமுறை முழுக்க நனைந்துவிட்டால் அடுத்த நாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரவில் ஒருமுறை மாற்றி வைப்பதுதான் வழி. நெருப்புக்கு அருகே வைத்தால் தோல் வெடிக்கும், பசை இளகும்.

சவ்வு பூட்ஸ்

1969இல் அமெரிக்கரான பாப் கோர் கண்டறிந்த, இழுத்து விரித்த டெஃப்லானிலிருந்து பிறந்தது இந்தத் தொழில்நுட்பம். நுண்துளைகள் நீர்த்துளியை உள்ளே விடாது, வியர்வையின் ஆவியை வெளியே விடும். சொல்லப்படுவது பொய்யல்ல. ஆனால் ஆவி வெளியேற வேண்டுமென்றால் உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்றில் ஈரப்பதம் குறைவாக இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கிடக்கும் அவலாஞ்சியில் அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது? 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய இடம் அது. அத்தனை மழை வேண்டாம். சாதாரண மழையிலேயே தண்ணீர் கெண்டைக்கால் வழியாக வழிந்து பூட்ஸின் வாய்க்குள் இறங்கும். இறங்கியது வெளியே போகாது. வெளியிலிருந்து நீரைத் தடுக்கும் அதே சவ்வு உள்ளேயும் தேக்கிவைக்கும்.

அதன் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நீலகிரிப் புல்வெளியில் உறைபனி உருகும் காலைகளில், பனித்துளி கோத்த புல்லை உரசிக்கொண்டு நடக்கும்போது சாக்ஸ் உலர்ந்திருப்பதன் அருமை தெரியும். அப்போது மட்டும் நடப்பவர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இவ்வகை தோலைப்போல இசைந்து கொடுக்காது. கடையில் இறுக்கம் என்றால் கடைசிவரை இறுக்கம்தான்.

தாழ்வான காலணி

இதைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, “கணுக்கால் பிசகினால்?” உயரமான பூட்ஸ் கணுக்காலைக் காக்கும் என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவில் 622 கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு 1993இல் வெளிவந்தது. உயரமான ஷூவுக்கும் தாழ்வான ஷூவுக்கும் இடையே கணுக்கால் சுளுக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆடுகளம் மலைப்பாதை ஆகாது என்பது நியாயமான மறுப்பு. ஆனாலும் களைத்த காலே பிசகும் என்பதால், கால் களைக்காமல் காக்கும் குறைந்த எடைக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். மூட்டை கனமாக இருந்தால் மட்டும் என் கணக்கு மாறும்.

வலைத்துணி நனையும், உடனே வடியும். ஓடையைக் கடந்து அரைமணி நடந்தால் காலணி தானே தண்ணீரைப் பிழிந்து தள்ளியிருக்கும். வெள்ளகவியில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. கோயில்கள் நிறைந்த அந்த ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை; வருபவர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். உயரமான பூட்ஸின் லேஸை அவிழ்த்துக் கட்டும் நேரத்தில் தாழ்வான காலணிக்காரர் டீயே குடித்துவிடுவார். எந்தக் காலணியானாலும் அந்த இடத்தில் சாக்ஸை மாற்றி, கணுக்கால் அருகே உள்ள கடைசித் துளையில் லேஸை வளையமாக்கி எதிர்ப்பக்கத்து லேஸை அதற்குள் நுழைத்து இறுக்குங்கள். குதிகால் பின்னோக்கி நின்றுகொள்ளும், அடுத்து வரும் செங்குத்து இறக்கத்தில் விரல்கள் தப்பிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஊட்டிப் பீடபூமியில் பரவியிருக்கும், ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முள்புதர் வலைத்துணியைக் கிழித்துவிடும். மென்மையான அடிப்பாகத்தில் கூர்க்கல் உறைக்கும். அட்டைகளுக்கும் வலை ஒரு தடையல்ல. ஆனால் அட்டைக்குப் பயந்து உயர பூட்ஸ் வாங்குவது வீண். கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் மழைநாளில் நின்று பாருங்கள், அவை பூட்ஸின் மேலேறி வாய்வழியாக இறங்கும். முழங்கால் வரை வரும் நெருக்கமான பருத்தித்துணி உறையும், அதன்மேல் தடவிய புகையிலைப் பொடியோ உப்போ உண்மையான மருந்து.

ரப்பர் பூட்ஸ்

கூடலூர், தேவாலாப் பக்கத்து மழைச் சேற்றில், தோட்டப் பாதையில், அரைநாள் நடைக்கு இதைவிட மலிவான நல்ல பொருள் இல்லை. குதிகாலைப் பிடிக்க லேஸ் கிடையாது என்பதால் நெடிய இறக்கத்துக்கு உதவாது. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வழிகாட்டியாக வரும் உள்ளூர்க்காரர் ரப்பர் செருப்பில் துள்ளி இறங்குவதைப் பார்த்து நாமும் செருப்போடு கிளம்பக் கூடாது. அவர் பாதம் அந்த மலையிலேயே தேறியது.

அடிப்பாகம்

மலைக் காலணியின் பல்வரிசை ரப்பர் சோலுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் பனிப்புயலில் சிக்கி ஆறு நண்பர்களை இழந்த மலையேறி விட்டாலே பிரமானி, அதற்குப் பிறகு உருவாக்கிய சோல்தான் 1937இல் விப்ராம் என்ற பெயரில் வந்தது. நம் செம்மண் சேற்றுக்கு இடைவெளி அகன்ற, ஆழமான பற்கள் வேண்டும். நெருக்கமாக இருந்தால் மண் அடைத்துக்கொண்டு மொழுமொழுவென்று ஆகிவிடும். ஈரப் பாறையில் பற்களால் பயனில்லை, ரப்பரின் மென்மைதான் பிடிக்கும். காய்ந்த பைன் ஊசிகளும் யூகலிப்டஸ் இலையும் கிடக்கும் சரிவில் எந்த சோலும் வழுக்கும். அங்கே அடியைச் சிறிதாக்குவதே வழி.

வாங்கிப் பல வருடம் பெட்டியில் வைத்திருந்த பூட்ஸை எடுத்துக்கொண்டு நேரே மலைக்குப் போகிறவர்கள் உண்டு. பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள் சிதையும். நம்முடைய வெப்பமும் புழுக்கமும் அதை விரைவுபடுத்தும். வெளியே பளபளப்பாக இருக்கும், நடுவழியில் சோல் மொத்தமாகக் கழன்றுவிடும். புறப்படும் வாரத்தில் கட்டைவிரலால் அந்த அடுக்கை அழுத்திப் பாருங்கள். விரிசல் விழுந்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ அந்த ஜோடி வேண்டாம். வாடகைக்கு எடுக்கும் பூட்ஸுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் வட்டக்கானல்–வெள்ளகவியும் ஒன்று. முன்பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். வெள்ளகவியைச் சுற்றி சோல் ஒட்டித்தரக் கடை எதுவும் இல்லை, ஆகவே பையில் நாலைந்து மீட்டர் நைலான் கயிறு இருக்கட்டும்.